கழுவி வைத்த கம்ப்யூட்டர்

எங்கள் குவார்ட்டர்ஸுக்கும் பக்கத்துக் குவார்ட்டர்ஸுக்கும் நடுவே ஒரு சுவர்தான். அதைச் சுவர் என்று சொல்வதுகூட ஒரு மரியாதைக்காக. நான் தும்மினால் பக்கத்து வீட்டு அம்மா அங்கிருந்தே "மழையில நனைஞ்சீங்களா சார்?" என்று கேட்பார். அவர்கள் வீட்டுக் குக்கர் மூன்று விசில் விட்டதும் என் மனைவி எங்கள் அடுப்பை அணைத்துவிட்டு, அப்புறம் நாக்கைக் கடித்துக்கொள்வாள். யாருக்கு இந்த வாரம் எந்த ஷிஃப்ட், யாருக்குப் பிரமோஷன் வரவில்லை, யார் பையனுக்கு எத்தனை அரியர் என்பதெல்லாம் பிளாக் முழுக்கப் பொதுச்சொத்து. நெய்வேலியில் இப்படிப்பட்ட ஒரு பிளாக்கில், நாற்பத்தாறு வயதில், ஒரே ஒரு விஷயத்தை மட்டும் ஒருவருக்கும் தெரியாமல் வைத்துக்கொள்வது என்று நான் முடிவு செய்தேன். நான் எவ்வளவு புத்திசாலி என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் யாரும் ஏமாற வேண்டாம்.

விஷயம் இதுதான். ஒரு நாள் காலை, முதல் ஷிஃப்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், கழிப்பறையில் ரத்தம் பார்த்தேன். என்னுடையதுதான். வேறு யார் இருக்கிறார்கள் அங்கே?

முதல் நாள் பலாப்பழத்தின் மேல் பழி போட்டேன். முத்தாண்டிக்குப்பத்திலிருந்து மச்சான் ஒரு முழுப்பழம் கொண்டுவந்து இறக்கியிருந்தார். பாதிக்கு மேல் நான்தான் தின்றேன். சூடு, அவ்வளவுதான் என்று மோர் குடித்தேன். பழம் தீர்ந்து, கொட்டையையும் சுட்டுத் தின்று முடித்து, பத்து நாள் ஆகியும் ரத்தம் நிற்கவில்லை. அப்போதுதான் அப்பா ஞாபகம் வந்தது. என் அப்பா குடலில் வந்த புற்றுநோயில் போனவர். அவருக்கும் இப்படித்தான் தொடங்கியது. அவரும் சூடு என்றுதான் சொன்னார். அவருக்கு மோர் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்தான்.

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் என்ன செய்வான்? ஊரிலேயே பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, சைக்கிளில் போனால் பத்து நிமிஷம், போய் டாக்டரைப் பார்ப்பான். ஆனால் அங்கே சீட்டு எழுதுபவர் எங்கள் பிளாக்கில் நான்காவது வீடு. மருந்து கட்டுகிற நர்ஸம்மா என் மகளோடு படித்த பெண்ணின் அம்மா. அந்த வரிசையில் உட்கார்ந்து, 'எங்கே சார் வலி?' என்று ஒருவர் கேட்டு, நான் அந்த இடத்தைச் சொல்லி... வேண்டாம் சாமி. செத்தாலும் மானத்தோடு சாவோம் என்று இன்டர்நெட்டிடம் போனேன்.

கம்ப்யூட்டர் மகளுக்காக வாங்கியது. அவள் சென்னையில் இன்ஜினியரிங் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போனபின் அது ஹாலில், பூ வேலை செய்த துணியைப் போர்த்திக்கொண்டு, வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி இருந்தது. சாயங்காலம் நான்கிலிருந்து ஐந்தரை வரை மனைவி ஆரி எம்பிராய்டரி வகுப்புக்குப் போவாள். எனக்கு அந்த மாதம் முழுக்க முதல் ஷிஃப்ட், மதியமே வந்துவிடுவேன். அந்த ஒன்றரை மணி நேரம் நானும் இன்டர்நெட்டும் மட்டும். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் என் கஷ்டத்தை எழுதித் தேடினேன். முதல் பக்கத்தில் மலச்சிக்கல் என்றது. இரண்டாம் பக்கத்தில் மூலம் என்றது. நான் திருப்தி அடையாமல் தோண்டிக்கொண்டே போனேன். சுரங்கத்தில் வேலை பார்க்கிறவன் இல்லையா? ஐந்தாம் பக்கத்தில் எனக்கு ஆறு மாதம் கெடு வைத்தது. ஏழாம் பக்கத்தில் கனடாவிலிருந்து ஒருவர், தன் உயிலை எழுதி முடித்துவிட்டதாகச் சொல்லியிருந்தார். அவருக்காகக் கொஞ்சம் கண்கலங்கினேன்.

அப்போதுதான் எதிரே இன்னொரு பயம் வந்து நின்றது. நான் பார்த்த பக்கமெல்லாம் கம்ப்யூட்டரில் வரிசையாகப் பதிந்திருக்குமாமே?

இந்த விஷயத்தில் எங்கள் கன்ட்ரோல் ரூமில் ஒரு நிபுணர் இருந்தார். சுரங்கத்திலிருந்து நிலக்கரி கொண்டுவரும் கன்வேயர் பெல்ட்டுகளை ஓட்டவும் நிறுத்தவும் நாங்கள் இரண்டு பேர், ஷிஃப்டுக்கு எட்டு மணி நேரம், நடுவில் குழி விழுந்த இரண்டு ரெக்சின் நாற்காலிகளில் உட்கார்ந்திருப்போம். அவர் மதுரைப் பக்கம், என்னைவிட ஐந்து வயது மூத்தவர். செக்ஷனில் முதலில் ஸ்மார்ட்போன் வாங்கியவரும் அவர்தான்.

"அண்ணே, கம்ப்யூட்டர்ல பார்த்ததை அழிக்கணும்னா எப்படிண்ணே? நமக்கு வேண்டிய ஒரு பையன் கேட்டான்."

அவர் பெல்ட்டின் விளக்குகளிலிருந்து கண்ணை எடுத்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பையனுக்கு என்ன வயசு?"

"இருக்கும்... நம்ம வயசு."

"கல்யாணம் ஆயிருச்சா?"

"மக காலேஜ் படிக்கிறா."

"அடப்பாவி. பச்சப்புள்ள மாதிரி உக்காந்துருக்கியே தம்பி! தெனமும் பாக்குறியா?"

"தினமும்தான்ணே. பார்க்காம இருக்க முடியல."

"நிறைய வகை இருக்குமே?"

"ஒவ்வொண்ணும் ஒரு மாதிரி இருக்குண்ணே. சிலது பார்த்தா பயமா இருக்கு."

அவர் நினைத்தது எது என்று எனக்குப் புரிந்தபோது நேரம் கடந்துவிட்டது. மறுத்திருக்கலாம். மறுத்தால் அடுத்த கேள்வி 'அப்புறம் என்னத்தைத்தான் பாக்குற?' என்று வரும். ஒரு நொடி இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் ஆபாசப் படம் பார்க்கிறவன். மறுபக்கம் மூலக்காரன். வெட்கப்படுவது போல் தலையைக் குனிந்துகொண்டேன். டீ நேரத்துக்குள் ஷிஃப்ட் முழுக்கப் பரவிவிட்டது. ஹெல்மெட்டைக் கழற்றி வணக்கம் வைத்தார்கள். "கலாரசிகர் வர்றார், எடம் குடுங்கப்பா" என்று ஷிஃப்ட் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. உண்மையைச் சொன்னால், அந்த வாரம் முழுக்க ஷிஃப்டில் எனக்கு இருந்த மதிப்பு அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இல்லை. உட்காரத்தான் முடியவில்லை.

அண்ணன் ஒரு தாளில் படம் போட்டே கற்றுக்கொடுத்தார். இந்த மூலையில் அழுத்து, ஹிஸ்டரி வரும், அழிக்கும் பெட்டி வரும், டிக் போடு, டெலிட். அன்றிலிருந்து தினமும் ஐந்தே காலுக்கு ஹிஸ்டரியை அழித்து, துணியைப் பழையபடி போர்த்தி, ஐந்தரைக்கு வாசலில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருப்பேன்.

எனக்குத் தெரியாத ஒன்று இருந்தது. என் மனைவியும் அந்தக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்திக்கொண்டிருந்தாள். நான் ஷிஃப்டுக்குப் போனபின் ப்ளவுஸ் டிசைன் பார்ப்பாள். பார்த்ததைக் குறித்துவைக்க வேண்டாம், ஹிஸ்டரியில் அப்படியே இருக்கும் என்று மகள் சொல்லிக்கொடுத்திருந்தாள். ஆக, ஹிஸ்டரிதான் அவளுடைய நோட்டுப் புத்தகம். அதைத்தான் நான் தினமும் ஐந்தே காலுக்குக் கிழித்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, மயில் கழுத்து டிசைன் ஒண்ணு பாத்து வெச்சிருந்தேங்க. ஒண்ணுமே இல்லாம தொடச்சி வுட்டாப்புல கெடக்குது. இன்னாங்க ஆச்சு?"

"வைரஸா இருக்கும்மா."

"வைரஸுக்கு எதுக்குங்க மயில் கழுத்து?"

அவள் மகளுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவது எங்கள் வீட்டு வழக்கம். பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து ஒரே செலவில் முடிந்துவிடும். நான் செய்தித்தாளை முகத்துக்கு நேராகத் தூக்கினேன்.

"அம்மா, வைரஸ் ஹிஸ்டரியை எல்லாம் அழிக்காதும்மா. யாராவது உக்காந்து அழிச்சாத்தான் உண்டு."

"வூட்ல ரெண்டு பேருதான்டி இருக்கோம்."

"அப்ப நீ அழிக்கலைன்னா..." என்று மகள் ஆரம்பித்து, நிறுத்தி, "எனக்கு லேப் இருக்கும்மா, வெக்கிறேன்" என்று வைத்துவிட்டாள். கெட்டிக்காரப் பிள்ளை. அவளுக்கு அந்த அறிவு அம்மா வழியில் வந்தது.

என் மனைவி செய்தித்தாளைப் பார்த்தாள். அதற்குப் பின்னால் இருந்த என்னையும்தான்.

"இத்தினி வருசத்துல தின்ன தட்ட ஒரு நாளு கழுவி வெச்சதில்ல. கம்ப்யூட்டர மட்டும் தெனம் கழுவி வெக்கிறீங்களே, இன்னாங்க சங்கதி?"

"ஆபீஸ் விஷயம்மா."

"பெல்ட்டு ஓட்டற ஆபீஸுக்கு வூட்ல இன்னா விஷயம்?"

செய்தித்தாளில் வரன் தேவை பகுதியைப் படித்துக்கொண்டிருந்தேன். அது இன்னும் மோசம் என்று பக்கத்தைத் திருப்பியபின்தான் உறைத்தது.

இவ்வளவு ஆனபின்னாவது நிறுத்தியிருக்கலாம். ஆனால் ரத்தம் நிற்கவில்லையே, நான் எப்படி நிற்பேன்? மெயிலில் கேள்வி எழுதி அனுப்பினால் டாக்டரே பதில் போடும் பக்கம் ஒன்றைக் கண்டுபிடித்தேன். அதற்கென்று புதிதாக ஒரு மெயில் ஐடி. பெயர், ஸ்மார்ட்மேன் முப்பத்திரண்டு. வயதையும் முப்பத்திரண்டு என்றே எழுதினேன். உயிர் போகிற நேரத்தில், முகம் தெரியாத டாக்டரிடம், பதினாலு வருஷத்தை மறைத்து எனக்கு என்ன கிடைக்கும் என்று கேட்காதீர்கள். கை தானாக அடித்துவிட்டது.

அடுத்து பாஸ்வேர்டு கேட்டது. எட்டு எழுத்தாவது வேண்டுமாம். வேறு எவனும் ஊகிக்க முடியாததாக இருக்க வேண்டுமாம். யோசிக்கவே இல்லை. ஐந்து இலக்கத்தில் என் எம்ப்ளாயி நம்பர், அதை ஒட்டி மூன்று இலக்கத்தில் குவார்ட்டர்ஸ் நம்பர். மொத்தம் எட்டு. கச்சிதம் என்று மகிழ்ந்தேன். இந்த ஊரில் வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும். எங்களுக்குப் பெயர் இரண்டாம்பட்சம். அந்த நம்பரைச் சொன்னால்தான் சம்பளம், லீவு, மருந்து எல்லாம். என் நம்பர் என் ஹெல்மெட்டில் பெயின்ட்டில் எழுதியிருக்கும். டிபன் பாக்ஸ் மூடியில் ஆணியால் கீறியிருக்கும். சைக்கிள் மட்கார்டிலும் உண்டு. குவார்ட்டர்ஸ் நம்பர் வாசல் சுவரில், ரோட்டில் போகிறவருக்குத் தெரியும்படி பெரிதாக. என்னுடைய பரம ரகசியத்தின் சாவியைத் தலையிலும் வாசலிலும் மாட்டிக்கொண்டுதான் நான் பல வருஷமாக நடமாடிக்கொண்டிருந்தேன்.

டாக்டருக்கு ஒரு பக்கம் எழுதினேன். ரத்தம் பற்றி எழுதினேன். கடைசியில், எழுத நினைக்காமலே, அப்பாவைப் பற்றியும் எழுதிவிட்டேன். அவருக்கு மோர் கொடுத்ததை எழுதினேன். என் மகளுக்கு இன்னும் இரண்டு வருஷப் படிப்பு இருக்கிறது, அதுவரையாவது இருப்பேனா என்று கேட்டேன். அனுப்பிவிட்டு, ஐந்தே காலுக்கு, ஒழுங்காக ஹிஸ்டரியை அழித்தேன்.

அழிக்கும் பெட்டியில் ஐந்தாறு கட்டங்கள் இருக்கும். அண்ணன் படத்தில் ஒன்றுக்குத்தான் டிக் போட்டுக் காட்டியிருந்தார். நானும் அந்த ஒன்றுக்குத்தான் போட்டேன். கட்டங்களில் நாம் அடித்த பெயர்களைக் கம்ப்யூட்டர் தனியாக ஞாபகம் வைத்திருக்கும் என்பது அண்ணன் பாடத்திட்டத்தில் இல்லை. மறுநாள் காலை நான் ஷிஃப்டில் இருந்தபோது, என் மனைவி மகளுக்கு மெயில் அனுப்புவதற்காகத் தன் ஐடியின் முதல் எழுத்தை அடித்திருக்கிறாள். அவள் பெயரும் எஸ்ஸில் ஆரம்பிக்கும். கீழே ஸ்மார்ட்மேன் வந்து நின்றிருக்கிறார், முப்பத்திரண்டு வயதோடு.

பாஸ்வேர்டு கேட்டிருக்கிறது. ஆஸ்பத்திரிக் கவுன்ட்டரில், மகள் பிறந்த நாளிலிருந்து, எம்ப்ளாயி நம்பரையும் குவார்ட்டர்ஸ் நம்பரையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்லிப் பழகியவள். ஒரே தடவைதான் அடித்தாளாம்.

எனக்கு இது எதுவும் தெரியாது. டாக்டரிடமிருந்து பதிலும் வரவில்லை. மதியம் வீட்டுக்கு வந்தேன். "சாப்பிடுங்க" என்றாள். கருணைக்கிழங்கு மசியல், வாழைத்தண்டுக் கூட்டு, மோர். காரமே இல்லை. நன்றாக இருந்தது. மறுநாள் கருணைக்கிழங்கு வறுவல், கீரை மசியல். என்ன கீரை என்று தெரியவில்லை, இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டேன். மூன்றாம் நாளும் கருணைக்கிழங்கு. கையைக் கழுவப் பின்பக்கம் போனேன். துணி துவைக்கும் கல் மேல் ஒரு முறம் நிறைய இலை காய்ந்துகொண்டிருந்தது. துத்தி. எங்கள் வேலியோரமெல்லாம் முளைத்துக் கிடக்கும் செடி. மூலத்துக்குத் துத்தி என்பது இந்தப் பக்கத்தில் பேச்சு வந்த பிள்ளைக்கெல்லாம் தெரியும். யாராவது துத்தி இலை பறித்தால் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை; யாருக்கு என்றுதான் கேட்பார்கள்.

ஈரக் கையோடு அப்படியே நின்றேன். அவள் பின்னால் வந்து நின்றது தெரிந்தது.

"படிச்சுட்டியா?"

"படிச்சன்."

"எல்லாத்தையுமா?"

"வயசு முப்பத்திரெண்டுன்னு போட்டுகினதையும் படிச்சன். எவளோ இருக்கறான்னு நெனச்சிதாங்க தொறந்தன். எவளாவது இருந்திருந்தாகூட ரெண்டு போடு போட்டுட்டு ஆறியிருப்பன்." முறத்தில் இலையைப் புரட்டிப் போட்டாள். "மாமாவுக்கு மோர் குடுத்தத, ஊரு பேரு தெரியாத ஆளுக்கு எழுதத் தெரியுது. பக்கத்துல படுத்துகினு இருக்கறவகிட்ட சொல்ல வாய் வரலையா?"

ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

"இலை பறிச்சியே, யாரும் கேக்கலையா?"

"கேட்டாங்க. எனக்குன்னு சொன்னன்."

எனக்கு மூலம் என்று பிளாக்குக்குத் தெரியக் கூடாது என்பதற்காக, நான் ஷிஃப்டில் கலாரசிகராகிக்கொண்டிருந்தேன். அவள் அந்த மூலத்தையே எடுத்துத் தன் பெயரில் எழுதிக்கொண்டு வந்துவிட்டாள்.

மறுநாள் லீவு போட வைத்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். கவுன்ட்டரில் ஒரே மூச்சில் நம்பரைச் சொன்னாள். நான்காவது வீட்டுக்காரர் தலையைத் தூக்காமல் சீட்டு எழுதினார். எந்த டாக்டர் என்று மட்டும் கேட்டார். 'என்ன சார் உடம்புக்கு?' என்றுகூடக் கேட்கவில்லை. எனக்கே கொஞ்சம் வருத்தமாகிவிட்டது. எந்த வாயைப் பார்த்துப் பயந்து இத்தனை நாள் இன்டர்நெட்டில் ஒளிந்தேனோ, அந்த வாய் மூடியே இருந்தது. ஊரில் பாதிப் பேரின் உடம்பு ரகசியம் அவருக்குத் தெரியும். இன்றுவரை எங்கள் பிளாக்குக்கு அவர் வழியாக ஒன்றுகூட வந்ததில்லை என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன்.

சர்ஜரி டாக்டர் அறைக்கு வெளியே நீளமான பெஞ்சு. கடைசியில் ஒருவர், ஒரு பக்கமாகச் சாய்ந்து, பாதிப் பெஞ்சில் மட்டும் உட்கார்ந்திருந்தார். மடியில் நைந்துபோன மெடிக்கல் புக். கன்ட்ரோல் ரூம் அண்ணன்.

"என்னண்ணே இங்க?"

அவர் புத்தகத்தை மெல்லச் சட்டைக்குள் செருகினார். "நமக்கு வேண்டிய ஒரு பையனுக்குத் தம்பி."

"பையனுக்கு எத்தனை வருஷமா?"

"ஆச்சு, மூணு வருஷம்." பெல்ட்டின் விளக்குகளைப் பார்ப்பது போல் எதிர்ச் சுவரைப் பார்த்தார். "அந்த நாற்காலிய முதல்ல மாத்தச் சொல்லணும் தம்பி."

ஹிஸ்டரியை அழிப்பதில் அவ்வளவு பெரிய நிபுணத்துவம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தோம். நடுவில் என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். இல்லை.

வீட்டில் யாருக்காவது குடலில் வியாதி இருந்ததா என்று டாக்டர் கேட்டார். என்னால் சொல்ல முடியாததை மனைவி சொன்னாள், மோர் உட்பட. உள்ளே குழாய் விட்டுப் பார்த்துவிடலாம், வரும் வியாழக்கிழமை வாங்க என்றார். வியாழனுக்கு ஆறு நாள் இருந்தது. அந்த ஆறு நாளும் கம்ப்யூட்டர் துணியை நான் விலக்கவில்லை. நான்கு மணிக்கு அவள் வகுப்புக்குப் போகவில்லை. இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்து, அவள் சட்டத்தில் துணியைக் கட்டி ஊசி போட, நான் நூலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சாப்பிட்ட தட்டை நானே கழுவி வைத்தேன். அவள் அதை எடுத்து இன்னொரு தடவை கழுவினாள்.

வியாழக்கிழமை டாக்டர் பார்த்துவிட்டு, "மூலம்தான். வேற ஒண்ணும் இல்லை. தைரியமா போங்க" என்றார். வாழ்க்கையில் எனக்கு மூலம் என்று ஒருவர் சொல்லி நான் அப்படிச் சந்தோஷப்படுவேன் என்று நினைத்ததில்லை. வெளியே வந்து சொன்னேன். மனைவி பெஞ்சின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். முகத்தைத் துடைத்தாள். அப்புறம் எழுந்து, "வூட்டுக்கு வாங்க. கருணைக்கெழங்கு நறுக்கி வெச்சிட்டு வந்துருக்கறன்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டைத் திறக்கையில் பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு மேல் ஒரு கை துத்தி இலையை நீட்டினார்.

"அக்காவுக்கு இப்ப எப்படி இருக்கு சார்?"

மனைவி வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். மறைத்து மறைத்துக் களைத்துப் போயிருந்தேன். தவிர, அவள் அந்தப் பெயரோடு பிளாக்கில் நடமாடுவதை இதற்கு மேல் பார்க்க முடியாது.

"அக்காவுக்கு ஒண்ணுமில்லைங்க. மூலம் எனக்குத்தான்."

அவர் கொஞ்சமும் அசரவில்லை. இலையை என் கையிலேயே வைத்தார்.

"தெரியும் சார். ரெண்டு பாத்ரூமுக்கும் ஒரே சுவருதானே?"